டெலிபோனில் சொன்ன நிறை

சாந்தி, கபிலன், இதை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பதென்றால் நான் இல்லாத நேரத்தில் சிரியுங்கள்.

போன மாதம் சாந்தி லீவில் வந்தபோது தன் கிளினிக்கில் நடப்பதைச் சொன்னாள். கொஞ்ச காலமாக டொக்டர்மார் பிள்ளைகளை டெலிபோனிலேயே விசாரித்து மாதாமாதம் மருந்து எழுதிக் கொடுத்தார்களாம். இனி அது கூடாது, பிள்ளையை நேரில் கொண்டுவந்தால்தான் மருந்து என்று புதுச் சுற்றறிக்கை வரப்போகிறதாம். ஓரிடத்தில் உட்கார முடியாத, கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்குத்தான் இதில் பெரிய கஷ்டம், அவர்களுடைய மாத்திரை நின்றால் இரண்டே நாளில் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடும் என்றாள். "விதி போடுறவங்களுக்கு நம்ம மலையில பஸ் எத்தனை மணிக்குனு தெரியுமாப்பா?" என்று கோபப்பட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். பதில் இருந்தது. நீளமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

டயகமவுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை செய்தேன். சேர்ந்தபோது கூட்டித் துடைக்கிற வேலை. ஆறு மாதத்தில் புண் கழுவினேன், ஒரு வருஷத்தில் கட்டுப் போட்டேன், பிறகு மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

என் மேலதிகாரி சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து வைத்திய உதவியாளர் என்பது அவருடைய பதவி. ஊருக்கு அவர் டொக்டர் ஐயா. "நான் டொக்டர் இல்லை" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். "சரிங்க டொக்டர் ஐயா" என்று அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டாமல் யாருக்கும் நாடி பிடிக்க மாட்டார். டெலிபோனில் பேசும்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார், அந்தப் பக்கம் இருக்கிறவர் பார்க்கிறார் என்பதுபோல. எல்லாவற்றையும் எழுதுவார். தன் ஊர் வழக்கில் என்னைக் 'காணும்' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் சொல்லித்தந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: "எழுதினதைச் சொல்லும் காணும். நினைக்கிறதைச் சொல்லாதையும்."

டெலிபோன் தொண்ணூறுகளில் வந்தது. முதலில் அதை ஒபீசில் பெரிய கிளாக்கரின் மேசையில் வைத்தார்கள். அந்தப் பக்கம் கேட்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கத்த வேண்டும். யாருக்கு என்ன வருத்தம் என்பது சம்பளத்துக்கு நிற்கிற முழு வரிசைக்கும் தெரிந்தது. பெரிய கிளாக்கர் தன்னுடைய மூல வியாதியைப் பற்றித் தன் மேசையில் இருந்தே கத்த வேண்டி வந்தது. அடுத்த வாரம் டெலிபோன் டிஸ்பென்சரிக்கு மாறியது.

அது வந்ததில் நன்மைதான் அதிகம். ஒரு முறை மலையில் குளவி கலைந்து பதினொரு பெண்களைக் கொட்டிவிட்டது. மண் சரிந்து ரோட்டும் இல்லை. டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் டெலிபோனில் சொல்லச் சொல்ல, நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கத்த, ஐயா ஊசி போட்டார். பதினொரு பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் எனக்குக் குரல் சரியில்லை, இஞ்சி போட்டுக் குடிக்கச் சொன்னாள். அன்றைக்குப் பிறகு டெலிபோன் பொய் சொல்லாது என்று நான் நம்பினேன். அது உண்மையும்கூட. சொன்னதைத்தான் அது கொண்டுபோகும்.

இனி மேகலாவின் கதை. அவளை உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் அப்போது ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தீர்கள். கொழுந்து எடுக்கும் ராஜேஸ்வரியின் மகள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கு வருவான். மேகலா ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் பாடம் நடக்கும்போது எழுந்து ஜன்னல் வழியாக வெளியே போய்விடுவாள். கதவு திறந்திருந்தாலும் ஜன்னல் வழியாகத்தான். ஒரு வேலை சொன்னால் பாதியில் விட்டுவிட்டு மூன்றாவது வேலையில் இருப்பாள். வாய் ஓயாது. அடித்துப் பார்த்தார்கள், கோயிலில் கயிறு கட்டினார்கள். கயிற்றை ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துப் பூனைக்குக் கட்டிவிட்டாள். ஒரு நாள் உர லொறி பின்னுக்கு எடுக்கும்போது அதன் சக்கரத்துக்கும் மதகுச் சுவருக்கும் நடுவில் நின்றிருக்கிறாள். டிரைவர் இறங்கி வந்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஐயாவே அவர்களைக் கண்டிக்குக் கூட்டிப்போனது அதற்குப் பிறகுதான்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநலத்தைப் பார்க்கிற சிங்கள டொக்டர் அம்மா இருந்தார். முழுக் காலையும் பார்த்துவிட்டு, இது கெட்ட புத்தி இல்லை, வளர்ப்புப் பிழை இல்லை, ஏ.டி.எச்.டி. என்று ஒரு குறைபாடு என்றார். மருந்து தந்தார். அது பூட்டி வைக்க வேண்டிய மருந்து. ஒரு மாதத்துக்கு மேல் தர மாட்டார்கள். பசியைக் குறைக்கும், அதனால் மாதாமாதம் பிள்ளையின் நிறையைப் பார்க்க வேண்டும். நிறை இறங்கினால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

இங்கே இருந்து தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கே இருந்து கண்டிக்கு இன்னொன்று. போய்ச் சேரும்போது கிளினிக் மூடிவிடும். முதல் நாளே போய்த் தங்க வேண்டும். மாதம் இரண்டு நாள் ராஜேஸ்வரிக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். ஐயா டொக்டர் அம்மாவிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். மாதத்தின் முதல் புதன்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, டெலிபோன். ஐயா எழுந்து நின்று வாசிப்பார்: நிறை, நாடித் துடிப்பு, சாப்பாடு, தூக்கம், டீச்சர் எழுதிய துண்டு. டொக்டர் அம்மா கேட்டுவிட்டு மருந்துத் துண்டைத் தபாலில் அனுப்புவார். ஐயா அதைக் கொண்டுபோய் நுவரெலியாவில் மாத்திரை எடுத்து வருவார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக எண்ணி, சிவப்பு மையில் எழுதி, இரண்டு கையெழுத்துப் போட்டு, அலுமாரியில் பூட்டுவோம். ராஜேஸ்வரி தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையைக் கொண்டுவந்து, எங்கள் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைப்பாள்.

மருந்து வேலை செய்தது. மேகலா கதவு வழியாக வெளியே போகத் தொடங்கினாள், அதுவும் மணி அடித்த பிறகு. டீச்சர் ஒரு துண்டில் "கணக்கு முழுவதும் செய்தாள்" என்று எழுதியிருந்தார். ராஜேஸ்வரிக்கு வாசிக்கத் தெரியாது. அதை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். மேகலாவுக்குத்தான் திருப்தி இல்லை. பள்ளிக்கூடம் இவ்வளவு அலுப்பு என்று இத்தனை நாளாகத் தெரியாது என்று என்னிடம் சொன்னாள்.

அந்த நேரம் போர் நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதையைத் திறந்தார்கள். ஐயா பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத தன் வீட்டைப் பார்க்க இரண்டு மாத லீவு எடுத்தார். பக்கத்துத் தோட்டத்து உதவியாளர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து நோயாளிகளைப் பார்ப்பார் என்று ஏற்பாடு. மேகலாவின் டெலிபோனை மட்டும் என்னிடம் கொடுத்தார். எனக்குச் சிங்களம் ஓடும். டொக்டர் அம்மாவுக்கும் என் பெயர் தெரியும். ஐயா போகும்போது புத்தகத்தைத் திறந்து, நிறைக்கு எந்தக் கோடு, நாடிக்கு எந்தக் கோடு என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

அவர் போன கிழமையே டிஸ்பென்சரித் தராசு உடைந்தது. உடைத்தது ஓர் எண்பது கிலோ சமையல்காரர். அது கிடக்கட்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் இருந்தது கைக்குழந்தைத் தராசு. தோட்டத்தில் மிச்சம் இருந்த ஒரே நல்ல தராசு மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு. வருஷா வருஷம் முத்திரை குத்துவார்கள். எனக்கு யோசனை நல்லதாகவே பட்டது.

ஒரு தடித்த படங்குத் துணியில் மேகலாவை உட்கார வைத்து, நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினேன். அவள் ஆடாமல் இருக்க நான் பின்னால் நின்று துணியைப் பிடித்துக்கொண்டேன். தராசின் முகம் அந்தப் பக்கம், கொழுந்து நிறையைச் சொல்கிற கணக்கப்பிள்ளையைப் பார்த்து இருந்தது. அவர் முள்ளைப் பார்த்தார், நிறையைச் சொன்னார், நான் எழுதினேன். இருபத்து மூன்றரை. ஐயா கடைசியாக எழுதியது இருபத்தைந்து.

புதன்கிழமை இரண்டு மணிக்கு எழுந்து நின்று வாசித்தேன். டொக்டர் அம்மா நிறையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மருந்தைப் பாதியாக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மறுபடியும் மடுவத்துக்குப் போனோம். மருந்து பாதியானதால் மேகலாவும் பாதி பழையபடி ஆகியிருந்தாள். துணிக்குள் இருந்துகொண்டு கொக்கியைச் சுற்றினாள், கூரையில் ஓட்டை எத்தனை என்று எண்ணினாள், என் தலையில் நரை எத்தனை என்று சொன்னாள். ஒரு சுற்றில் தராசின் முகம் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இருபத்திரண்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

"மாமா, முள்ளு இருபத்தாறுல நிக்குது. அவரு இருபத்திரண்டுங்கிறாரு" என்றாள் மேகலா.

"வாய மூடிக்கிட்டு ஆடாம இரு" என்றேன் நான்.

இருபத்திரண்டு என்று எழுதினேன். பார்வைக்குப் பிள்ளை மெலியவில்லை என்று எனக்கும் தோன்றியது. நினைக்கிறதைச் சொல்லக் கூடாது என்பது பாடம். எழுதினதைச் சொன்னேன். டொக்டர் அம்மா மருந்தை முழுவதும் நிறுத்தச் சொன்னார். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கிய பிள்ளைக்கு இதை எந்த டொக்டரும் தர முடியாது, நேரில் கொண்டுவாருங்கள் என்றார். ராஜேஸ்வரி தன் மாரியம்மன் விரதத்தைக் கூட்டினாள். பிள்ளைக்குச் சாப்பாடு போதவில்லை என்று நினைத்துத் தன் பங்கையும் அவளுக்கே போட்டாள். லயத்தில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் அதையும் பேசினார்கள், பெத்த பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று.

மூன்றாம் நாள் மேகலா ஜன்னல் வழியாகப் போனாள். அடுத்த வாரம் டீச்சர், பரீட்சை முடியும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம், மற்றப் பிள்ளைகள் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளைக் காம்பராவில் அந்த வயதை எடுக்க மாட்டார்கள். வீட்டில் பார்க்க ஆள் இல்லை. கை வெந்துபோய் மருந்து கட்ட மேகலாவை ராஜேஸ்வரி கூட்டிவந்தபோது, பிள்ளையின் கணுக்காலில் சுற்றி ஒரு தழும்பைப் பார்த்தேன்.

"என்னம்மா இது?"

"சீலத்துணிதான் அண்ணே. கட்டில் கால்ல கட்டிட்டுத்தான் வேலைக்குப் போறேன். கயிறுனா அறுக்கும்ல."

அவள் அதை மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. எதை வைத்துக் கட்டினால் குறைவாக அறுக்கும் என்று யோசித்துச் செய்திருந்தாள். நான் கைக்கு மருந்து கட்டினேன். காலுக்கும் கொஞ்சம் பூசினேன்.

அந்த வாரம் ஐயா வந்துவிட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டேன். கூரை இல்லை, கிணறு இருக்குது என்றார். கை கழுவினார், பொத்தானைப் பூட்டினார், புத்தகத்தைத் திறந்தார். இருபத்தைந்து, இருபத்து மூன்றரை, இருபத்திரண்டு. பிள்ளையைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார்.

"என்ன காணும், இந்த நிறை எங்க எடுத்தது?"

சொன்னேன். ஐயா குடையை எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கணக்கப்பிள்ளையிடம் பிள்ளையை எப்படி நிறுத்தீர்கள் என்று கேட்டார். கணக்கப்பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை.

"எப்பவும் போலதாங்க ஐயா. வெயில் நாள்ல சாக்குக்கு ரெண்டு, மழை நாள்ல ஈரத்துக்கும் சேத்து நாலு."

"பிள்ளையில என்னத்துக்குக் காணும் கழிச்சனீர்?"

கணக்கப்பிள்ளை உண்மையாகவே யோசித்தார். "கழிக்காம நான் எப்பங்க ஐயா நிறை சொல்லியிருக்கேன்?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் அம்மா கொழுந்து எடுத்தாள், உங்கள் அம்மா எடுத்தாள். அந்தத் தராசடியில் முழு நிறை சொல்லி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கழித்துச் சொல்கிறார் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். கொழுந்துக்குத் தெரிந்தது. துணிக்குள் பிள்ளை இருந்தபோது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது ஒருத்திக்குத்தான், அவளை நான் வாயை மூடச் சொன்னேன். இதை ஐயாவிடம் அங்கேயே சொன்னேன். அவர் குடையை விரிக்காமல் மழையில் நின்றார்.

"எழுதினதைச் சொல்லும் எண்டு நான் உமக்குச் சொன்னன். பார்த்து எழுதும் எண்டு சொல்லேல்லை. அது என்ர பிழை" என்றார். பிறகு, "மற்றது உம்மட பிழை" என்றார்.

திரும்பி வந்து டெலிபோன் எடுத்தார். டொக்டர் அம்மாவுடன் இங்கிலீசில் பேசினார். பேச்சு நீண்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். டெலிபோனில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வைத்துவிட்டு எனக்குச் சொன்னார். டெலிபோன் கிளினிக்கை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிழமைதான் சுற்றறிக்கை வந்ததாம். நேரில் பார்த்து, ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தால்தான் இனி இந்த மாத்திரை. எங்களைப்போல டெலிபோனில் ஓடிக்கொண்டிருந்த எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. வந்த நிறைகள் நம்பும்படி இல்லை என்று மேலே பேசியிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தால் மட்டும் இல்லை என்று டொக்டர் அம்மா சொன்னாராம். ஐயா அதை அப்படியே எனக்குச் சொன்னார். "மட்டும்" என்ற சொல்லை அவர் விட்டிருக்கலாம். சொன்னதை மாற்றுகிற ஆள் அவர் இல்லை.

ஆகவே சாந்தி, விதி போடுகிறவர்களுக்குப் பஸ் நேரம் தெரியாது என்று நீ சொன்னது சரி. ஆனால் அந்த விதியில் என் கையெழுத்தும் இருந்தது. எத்தனை தோட்டத்தில் எத்தனை தாய்மார் அதற்காக முதல் நாளே பஸ் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏறாமல் விட்டவர்களையும் தெரியாது.

மேகலாவுக்காக ஐயா தோட்டத்து மேனேஜர் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். மாதத்தில் இரண்டு நாள் ராஜேஸ்வரியை டிஸ்பென்சரி வேலையாகக் கண்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, பேர் போடவும் என்று. என்ன வேலை என்று துரை கேட்டார். "நிறுக்கிற வேலை" என்றார் ஐயா. துரை கையெழுத்துப் போட்டார்.

முதல் தரம் நானும் கூடப் போனேன். போகாவிட்டால் சாப்பாடு இறங்காது போலிருந்தது. கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மேகலாவைத் தராசில் ஏற்றினாள். இருபத்தாறு என்று எழுதினாள். மேகலா இறங்காமல் நின்று, "கழிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். நேர்சுக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

டொக்டர் அம்மா பழைய அளவிலேயே மருந்தைத் தொடங்கினார். என்னிடம் ஒன்றும் கோபிக்கவில்லை. மேகலாவிடம், உனக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மேகலா என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த வருஷம் அவள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவில்லை. நாள் கடந்துவிட்டது. அது திரும்பி வராது. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனாள், நின்று படித்தாள். பதினாறு வயதில் டொக்டர் அம்மாவே மருந்தை மெல்ல மெல்ல நிறுத்தினார். இப்போது தலவாக்கலையில் புருஷனோடு கடை வைத்திருக்கிறாள். ஒரே நேரத்தில் நாலு பேருக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு ஐந்தாவது ஆளோடு கதை பேசுவாள். ஒன்றும் பிசகாது. புருஷனைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறாள், அவன் மெதுவான ஆள்.

கொஞ்ச வருஷம் கழித்து ஆஸ்பத்திரி விதியைத் தளர்த்தியது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நேரில், நடுவில் டெலிபோனில். அதற்கு ஒரு படிவம் அச்சடித்து எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். அதில் நிறைக்கு அடுத்த கட்டம், "எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது? முள்ளை வாசித்தவர் யார்?" ஐயா அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நல்ல படிவம் என்றார். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டத்தை நிரப்பினேன். சாந்தி, உங்கள் கிளினிக்கில் புது விதி வந்தால் சண்டை போடு. போடுகிற நேரம் இப்படி ஒரு கட்டம் கேள்.

ஒரு விஷயம் உங்கள் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. கண்டியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பகல், மடுவத்தில் யாரும் இல்லாத நேரம், அந்தப் படங்குத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். வெறும் துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு முன்பக்கம் வந்து நின்று முள்ளைப் பார்த்தேன். அரைக் கிலோ. கணக்கப்பிள்ளை கழித்தது இரண்டு. பிறகு தண்ணீர் விழுகிற பீலியடிக்குக் கொண்டுபோய் நன்றாக நனைத்து, சொட்டச் சொட்ட மாட்டிப் பார்த்தேன். ஒன்றேகால். கழித்தது நாலு. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கவிட்டு, முள் ஓரிடத்தில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியை இறக்கிப் பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.